மெட்டல் இசையின் கதை – 14: கறுப்பு ஆல்பமும் கோபித்துக்கொண்ட ரசிகர்களும்

1991 ஆகஸ்ட் 3ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். அன்று அங்கே கச்சேரி கிடையாது. இன்னும் ஒன்பது நாளில் கடைக்கு வரவிருந்த ஒரு ஆல்பத்தை ஒலிபெருக்கியில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை போட்டுக் காட்டினார்கள். அனுமதி இலவசம். பதிவுசெய்த பாட்டைக் கேட்கவே இத்தனை பேர் திரண்டார்கள் என்றால் மெட்டாலிகா அப்போது எங்கே நின்றது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சென்ற இதழில் 1989 கிராமி விழாவோடு நிறுத்தியிருந்தேன். ஹார்ட் ராக், மெட்டல் பிரிவுக்கு முதன்முதலாக விருது அறிவித்த ஆண்டு அது. மேடையில் ‘ஒன்’ பாட்டை வாசித்துவிட்டு வந்த மெட்டாலிகாவுக்கு இல்லாமல், புல்லாங்குழலுக்குப் பேர்போன ஜெத்ரோ டல் குழுவுக்கு விருது போனது. உலகெங்கும் மெட்டல் ரசிகர்கள் அதைத் தங்களுக்கே நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டரை வருடம் கழித்து அதே ரசிகர்களில் ஒரு பெரிய பகுதி அதே குழுவைத் துரோகிகள் என்று சொன்னது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரம்.

அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள, அந்த ரசிகர்கள் யார் என்று தெரிய வேண்டும். 1982இல் மெட்டாலிகாவுக்கு ஆல்பம் இல்லை, கம்பெனி இல்லை. ‘நோ லைஃப் டில் லெதர்’ என்ற ஏழு பாட்டு கேசட் ஒன்றுதான் இருந்தது. அதைக் கையில் வாங்கிய ஒருவர், இரண்டு டேப் ரிக்கார்டர்களை ஒயரால் இணைத்து நகல் எடுப்பார். உறையில் போட்டுத் தபால்தலை ஒட்டி வேறு ஊரில், சில சமயம் வேறு கண்டத்தில், முகம் பார்த்திராத ஒருவருக்கு அனுப்புவார். பதிலுக்கு அங்கிருந்து வேறொரு குழுவின் கேசட் வரும். ஐந்தாறு கை மாறிய நகலில் இரைச்சல் பாட்டையே மூடப் பார்க்கும். ஆனாலும் அதிலிருந்து அடுத்த நகல் எடுக்கப்படும். நியூஜெர்சியில் ஒரு பழைய சாமான் சந்தையில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஜானி ஜசுலாவும் மனைவி மார்ஷாவும் அப்படி வந்த ஒரு நகலைக் கேட்டுத்தான், கலிஃபோர்னியாவிலிருந்த அந்தப் பையன்களை நாட்டின் மறுகோடிக்கு வரவழைத்தார்கள். ஆல்பம் போட எந்தக் கம்பெனியும் முன்வராததால் தாங்களே மெகாஃபோர்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1983 ஜூலையில் ‘கில் எம் ஆல்’ வந்தது.

வானொலி போடாத, தொலைக்காட்சி காட்டாத ஒரு குழுவை ரசிகர்கள் தங்கள் தபால் செலவில் வளர்த்தார்கள். இதில் மிகையே இல்லை. குழுவுக்கு மெட்டாலிகா என்ற பெயர்கூட ஒரு ரசிகர் இதழுக்காக யோசித்து வைத்திருந்த பெயர்ப் பட்டியலிலிருந்து வந்ததுதான். ரான் குவின்டானா என்ற நண்பர் அந்தப் பட்டியலைக் காட்டி எது நல்லது என்று கேட்க, டிரம்மர் லார்ஸ் உல்ரிக் வேறொன்றை அவருக்குச் சிபாரிசு செய்துவிட்டு இதைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

அந்த உல்ரிக்கும் ஒரு காலத்தில் வெறும் ரசிகர்தான். 1981 கோடையில், பதினேழு வயதில், டயமண்ட் ஹெட் என்ற பிரிட்டிஷ் குழுவைப் பார்ப்பதற்காகவே கலிஃபோர்னியாவிலிருந்து விமானம் ஏறி இங்கிலாந்து போனார். கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போய்ப் பேச்சுக் கொடுத்து, அவர்கள் வீட்டிலேயே வாரக்கணக்கில் தங்கிவிட்டார். ஊர் திரும்பியதும், ஒரு விளம்பரப் பத்திரிகையின் வரி விளம்பரம் வழியாக அறிமுகமான, கிட்டார் வாசித்துப் பாடும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைக் கூட்டிக்கொண்டு குழு தொடங்கினார். பின்னாளில் ‘லார்ஸ்தான் எல்லாவற்றையும் கெடுத்தவன்’ என்று திட்டியவர்களில், அவர் அளவுக்கு ஒரு குழுவின் மேல் பைத்தியமாக இருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

‘விலை போய்விட்டார்கள்’ என்ற குரல் 1991இல் முதலாவதாக எழுந்ததும் அல்ல. இரண்டாவது ஆல்பத்திலேயே அது தொடங்கிவிட்டது. 1984 ஜனவரியில் பாஸ்டனில் குழுவின் கருவிகள் களவுபோயின. ஹெட்ஃபீல்டுக்கு உயிரான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும் அதில் போய்விட்டது. கையில் காசில்லை, தங்குவது யார் யாரோ வீட்டில். அந்த மனநிலையில் பிறந்த பாட்டு ‘ஃபேட் டு பிளாக்’. வாழப் பிடிக்காத ஒருவனின் குரல் அது. அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கி, நிதானமாக நடந்து, கடைசியில்தான் வெடிக்கிறது. அந்த ஆண்டு வெளிவந்த ‘ரைட் த லைட்னிங்’ ஆல்பத்தில் அதைக் கேட்டபோது வேகத்துக்காகவே இவர்களிடம் வந்திருந்த ஒரு கூட்டம் முகம் சுளித்தது. த்ராஷ் குழு மெல்லிசைப் பாட்டு வாசிப்பதா என்று கேட்டது. பின்னாளில் அந்தப் பாட்டுதான் தங்களை உயிரோடு பிடித்துவைத்தது என்று எத்தனையோ பேர் ஹெட்ஃபீல்டிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்று மெட்டாலிகாவின் ‘பழைய, அசல்’ பாட்டு எது என்று கேட்டால் முதல் ஐந்துக்குள் அது வந்துவிடும்.

பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் பேருந்து கவிழ்ந்து இறந்தபோது அவருக்கு வயது 24. ‘கிளிஃப் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது’ என்பது ரசிகர்கள் நடுவில் இன்றைக்கும் ஓயாத பேச்சு. இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடிந்ததில்லை. பாஹ் கேட்டவர், ஆர்.ஈ.எம். கேட்டவர், லினர்ட் ஸ்கினர்ட் கேட்டவர் பர்ட்டன். ஒத்திசையின் இலக்கணத்தைக் குழுவுக்குள் கொண்டுவந்தவர் அவர். வேகத்தை மட்டும் நம்பியிருந்த பையன்களின் காதைத் திறந்தவர் மாற்றத்துக்குக் காவலாக நின்றிருப்பார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அவர் மறைவுக்குப் பின் 1988இல் வந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ இந்தக் கதையின் திருப்புமுனை. புதிதாகச் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் அதில் ஏறக்குறையக் கேட்கவே கேட்காது. டிரம்ஸ் மரப்பலகையில் தட்டியதுபோல வறண்டு ஒலிக்கும். பாட்டுகளோ நீளமானவை. தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்தைத் தொடுகிறது. ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) வரும், தாளம் மாறும், இன்னொரு ரிஃப் வரும், மறுபடி மாறும். காகிதத்தில் பார்த்தால் அபாரமான கட்டுமானம். மேடையில் வாசிக்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. அந்தப் பாட்டின் நடுவில் முன்வரிசை முகங்கள் வாடுவதைப் பார்த்ததாகவும், ஒரு இரவு மேடையை விட்டு இறங்கும்போது இனி இதை வாசிக்கவே கூடாது என்று தங்களில் ஒருவர் சொன்னதாகவும் கிட்டார் வாசிப்பவர் கிர்க் ஹாமெட் நினைவுகூர்ந்திருக்கிறார். சொன்னபடியே நடந்தது. 2007வரை அது மேடை ஏறவில்லை.

அதே ஆல்பத்திலிருந்துதான் ‘ஒன்’ பாட்டுக்கு 1989இல் வீடியோ எடுத்தார்கள். குழுவின் முதல் வீடியோ. அதுவரை வீடியோ எடுக்காததே மெட்டாலிகா ரசிகனுக்குப் பெருமை. எம்டிவியில் அது ஓடத் தொடங்கியபோது சிலருக்கு முதல் கசப்பு தட்டியது. போரில் கை, கால், கண், காது எல்லாம் இழந்து மனம் மட்டும் விழித்திருக்கும் ஒரு படைவீரனைப் பற்றி டால்டன் டிரம்போ 1971இல் எடுத்த படத்தின் காட்சிகளைச் சேர்த்து, சிரிப்போ பளபளப்போ ஒரு பொட்டுகூட இல்லாமல் எடுத்த வீடியோ அது. வியாபாரத்துக்காகப் பணிந்தவர்கள் எடுக்கிற வீடியோ அப்படி இருக்காது.

ஆக, 1990இல் குழுவின் முன்னால் இருந்த கேள்வி நேரடியானது. இன்னும் நீளமாக, இன்னும் சிக்கலாக எழுதுவதா? அந்த வழி எங்கே போய் முட்டியது என்று மேடையிலேயே பார்த்தாயிற்று.

அப்போதுதான் பாப் ராக் வருகிறார். கனடாக்காரர். மோட்லி க்ரூ குழுவின் ‘டாக்டர் ஃபீல்குட்’ ஆல்பத்தை 1989இல் தயாரித்தவர். மெட்டாலிகா ரசிகனுக்கு மோட்லி க்ரூ என்றால் உதட்டுச்சாயம், தலைமுடி ஸ்ப்ரே, ஹாலிவுட் மினுக்கு. எதை வெறுத்து இவர்கள் லாஸ் ஏஞ்சலஸை விட்டுச் சான்பிரான்சிஸ்கோ பக்கம் குடிபெயர்ந்தார்களோ அதன் அடையாளம். ஆனால் உல்ரிக்கும் ஹெட்ஃபீல்டும் அந்த ஆல்பத்தில் கேட்டது வேறு. அடிவயிற்றில் வந்து மோதும் டிரம்ஸ், அகலமான பேஸ். தங்கள் ஆல்பங்களில் இல்லாதது அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். ராக்கும் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்: மேடையில் பார்த்த பலம் உங்கள் இசைத்தட்டில் இல்லை.

1990 அக்டோபரில் வடக்கு ஹாலிவுட்டின் ஒன் ஆன் ஒன் ஸ்டூடியோவில் வேலை தொடங்கி 1991 ஜூன்வரை நீண்டது. அந்த எட்டு மாதத்தில் நடந்த மாற்றங்களைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ‘சத்தத்தை மாற்றினார்கள்’ என்று ஒரு வரியில் சொல்வதற்குள் எவ்வளவு நுணுக்கமான முடிவுகள் அடங்கியிருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

முதலாவது, வாசிக்கும் முறை. அதுவரை ஆளாளுக்குத் தனித்தனியாக வாசித்து, அடுக்கடுக்காகப் பதிவுசெய்து ஒட்டுவார்கள். துல்லியம் கிடைக்கும், ஒரே அறையில் நான்கு பேர் வாசிக்கிற சூடு கிடைக்காது. ராக் நால்வரையும் ஒரே கூடத்தில் நிறுத்தி ஒன்றாக வாசிக்க வைத்தார். உல்ரிக்கின் டிரம்ஸ் அதுவரை ஹெட்ஃபீல்டின் கிட்டாரைத் துரத்திக்கொண்டு ஓடியது. இங்கே பேஸோடு கால் பதித்து நின்றது. ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்தில் காணாமல் போயிருந்த நியூஸ்டெட் இதில் காதில் விழுந்தார்.

இரண்டாவது, சுருதி. பாட்டுகள் பலவும் ஈ சுருதியிலேயே இருப்பதை ராக் கவனித்துக் காரணம் கேட்டார். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி அதுதானே என்றார்கள். மோட்லி க்ரூவுக்கு டீ வரை இறக்கினோமே என்றார் அவர். ‘சாட் பட் ட்ரூ’ பாட்டுக்குத் தந்திகளை ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்டினார்கள். தந்தி தளரும்போது ஒலி கனக்கிறது. அந்தப் பாட்டின் வேகத்தை நடந்துகொண்டே தாளம் போட்டுவிடலாம், ஆனால் ‘கில் எம் ஆல்’ முழுவதையும்விடப் பாரமாக இருக்கும். வேகமும் பாரமும் ஒன்றல்ல என்று பிளாக் சபாத்தின் டோனி அயோமி 1971இலேயே தந்தியை இறக்கிக் காட்டியதை இந்தத் தொடரின் மூன்றாம் பகுதியில் பார்த்தோம். மெட்டாலிகா அங்கேதான் திரும்பிப் போனது.

மூன்றாவது, எழுத்து. ‘என்டர் சாண்ட்மேன்’ ரிஃபை ஹாமெட் கொண்டுவந்தபோது அது இரண்டு துண்டாக இருந்தது. முதல் துண்டு, உடனே பதில் துண்டு. உல்ரிக், முதல் துண்டை மூன்று தடவை வாசித்துவிட்டு நான்காவதில் பதிலுக்கு வா என்றார். அவ்வளவுதான் மாற்றம். காது ஏங்கிக் காத்திருந்து, பதில் வந்ததும் அமைதியாகிறது. ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கே ஏழெட்டு ரிஃப் செலவழித்தவர்கள், இங்கே ஒரே ரிஃபை வைத்து ஐந்தரை நிமிடம் ஓட்டினார்கள். ‘தி அன்ஃபர்கிவன்’ பாட்டில் இன்னொரு தந்திரம். வழக்கமாகச் சரணம் மெல்ல வரும், பல்லவி முழங்கும். இதில் தலைகீழ்: சரணம் முழங்க, பல்லவி தணிந்து வருகிறது.

நான்காவதுதான் பெரியது. ஹெட்ஃபீல்ட் பாடத் தொடங்கினார். அதுவரை அவர் குரல் குரைப்புக்கும் கட்டளைக்கும் நடுவில் இருந்தது. தன்னைப் பற்றி எழுதியதும் குறைவு. போர், அநீதி, போதை, பைத்தியம் என்று வெளியுலகப் பொருள்கள்தான் அதிகம். ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ அவர் தன் காதலியோடு ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துப் பேசிக்கொண்டே, மறு கையால் கிட்டாரின் திறந்த தந்திகளைத் தடவியபோது பிறந்த மெட்டு. குழுவுக்குக் காட்டவே தயங்கினார். கேட்டது உல்ரிக், வேண்டும் என்றதும் உல்ரிக். மைக்கேல் கேமன் அதற்கு ஆர்கெஸ்ட்ரா எழுதினார். ‘த காட் தட் ஃபெயில்ட்’ இன்னும் ஆழத்தில் போகிறது. ஹெட்ஃபீல்டின் தாய், மருத்துவம் பார்ப்பதை நம்பாத கிறிஸ்டியன் சயன்ஸ் சபையைச் சேர்ந்தவர், புற்றுநோயில் இறந்தார். மகனுக்கு அப்போது பதினாறு வயது. பத்தாண்டுக்கு மேல் மனதில் கிடந்தது இந்த ஆல்பத்தில்தான் வெளியே வந்தது. மென்மையானதால் பொய்யாகிவிட்டார்கள் என்று குற்றம்சாட்டியவர்கள் இதைக் கேட்கத் தவறிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஸ்டூடியோவில் சண்டைக்குக் குறைவில்லை. மூன்று முறை மிக்ஸ் செய்தார்கள், செலவு பத்து லட்சம் டாலரைத் தொட்டது. அந்த மாதங்களில் குழுவில் மூன்று பேருக்கு மணமுறிவு நேர்ந்தது. முடிந்தபோது, இனி பாப் ராக்கோடு வேலையே செய்வதில்லை என்றார்கள். அதற்குப் பின் 2003வரை அவரோடுதான் வேலை செய்தார்கள்!

1991 ஆகஸ்ட் 12 அன்று ஆல்பம் வந்தது. குழுவின் பெயர்தான் தலைப்பு. உறை முழுக்கக் கறுப்பு, மூலையில் மங்கலாக ஒரு பாம்பு. ரசிகர்கள் அதற்குக் கறுப்பு ஆல்பம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் வந்ததுமே முதலிடம். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று மாஸ்கோவின் டுஷினோ விமானத் தளத்தில், கலைந்துகொண்டிருந்த சோவியத் நாட்டின் இளைஞர்கள் லட்சக்கணக்கில் கூடி நின்று இந்தப் பாட்டுகளைக் கேட்டார்கள். விற்பனையைக் கடைக் கணினியிலிருந்தே எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை அந்த ஆண்டுதான் தொடங்கியது. அந்தக் கணக்கில் அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்று, அந்த முறை தொடங்கிய பிறகு வந்த ஆல்பங்களிலேயே மிக அதிகம் விற்றது இதுதான்.

பழைய ரசிகன் இழந்தது என்ன? வேகத்தை முதலில் சொல்ல வேண்டும். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ என்ற பழைய பாட்டு நிமிடத்துக்கு இருநூறு தாளத்துக்கு மேல் ஓடும். அதில் ஹெட்ஃபீல்டின் வலக்கை ஒவ்வொரு அடியையும் மேலிருந்து கீழாக மட்டுமே போடும். கிட்டார் எடுத்த பையன்கள் மணிக்கட்டு வலிக்க வலிக்க அதைப் பழகினார்கள். அது ஒரு தகுதித் தேர்வு. ‘என்டர் சாண்ட்மேன்’ ரிஃபை ஒரு வாரத்தில் யாரும் வாசித்துவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு வேறு. பள்ளியில் யாரும் சீண்டாத ஒருவன், தபாலில் வந்த கேசட்டால் ஒரு ரகசியக் கூட்டத்தில் இடம்பிடித்திருந்தான். இப்போது அவனைக் கிண்டல் செய்த அதே கால்பந்து வீரன் மெட்டாலிகா பனியன் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். இந்த வலியை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது அநியாயம். அந்தக் கூட்டம்தான் அவனுக்கு வீடு. பூட்டைக் கழற்றியவர்கள் அவனைக் கேட்கவில்லை.

குழு அவனைக் கேட்டிருக்க வேண்டுமா? இதில் என் பதில் தயக்கமில்லாதது: வேண்டாம். ரசிகனின் கையெழுத்துக்குக் காத்திருந்திருந்தால் ‘ஃபேட் டு பிளாக்’ இல்லை, ‘ஒன்’ இல்லை.

நம் ஊர்க் கதை இங்கே கொஞ்சம் வித்தியாசமானது. ஸ்டார் டிவி வழியாக எம்டிவி இந்திய வீடுகளுக்குள் நுழைந்ததும் 1991ஐ ஒட்டித்தான். ஆகவே சென்னையிலோ பெங்களூரிலோ இந்தக் குழுவைக் கண்டுகொண்ட பெரும்பாலோருக்கு வாசல் கறுப்பு ஆல்பம்தான். அதில் நுழைந்து, பிறகு பின்னோக்கிப் போய் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். அமெரிக்கப் பையன் வீழ்ச்சி என்று எண்ணியதை நாம் தொடக்கமாகக் கேட்டோம். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தபோது தெற்கின் பல ஊர்களிலிருந்தும் பேருந்தும் ரயிலும் பிடித்துப் போய் நின்ற கூட்டத்துக்கு இரண்டு காலமும் ஒன்றாகவே இருந்தது.

கறுப்பு ஆல்பத்துக்கு வந்த கோபம் 1996இல் வந்த கோபத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஐந்து ஆண்டு மௌனத்துக்குப் பின் ஜூன் மாதம் ‘லோட்’ வந்தது. நால்வரும் முடியை வெட்டியிருந்தார்கள். மெட்டல் உலகில் முடி என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படும். ஆன்டன் கார்பைன் எடுத்த படங்களில் கண்ணுக்கு மை, கையில் சுருட்டு. முதல் நாளிலிருந்து இருந்த கூர்முனை எழுத்துச் சின்னத்தையும் மாற்றினார்கள். மாற்றுராக் ரசிகர்களுக்கென்றே நடந்த லொலாபலூசா விழாவில் தலைமை ஏற்று வாசித்தார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் பிடிக்கவில்லை.

ஒலியில் நடந்தது இன்னும் அடிப்படையானது. அதுவரை ஆல்பங்களில் தாள கிட்டார் முழுவதையும் ஹெட்ஃபீல்ட் ஒருவரே வாசிப்பார். ஒரே பகுதியை ஒரே கை பல தடவை வாசித்து அடுக்கியதால்தான் அந்தச் சுவர் போன்ற இறுக்கம். ‘லோட்’ ஆல்பத்தில் ஹாமெட்டையும் தாளம் வாசிக்க வைத்தார்கள். இரண்டு கைகள், இரண்டு நடைகள். ஒலி தளர்ந்தது, ப்ளூஸ் நுழைந்தது, ‘மாமா செட்’ பாட்டில் கண்ட்ரி இசையே வந்துவிட்டது. முதல் வாரத்தில் 6,80,000 பிரதி விற்றது. ஆனால் எழுபத்தொன்பது நிமிடம் நீளம். நாற்பத்தைந்தில் முடித்திருந்தால் வரலாறு அதைக் கனிவோடு பார்த்திருக்கும். ‘அன்டில் இட் ஸ்லீப்ஸ்’, ‘ப்ளீடிங் மீ’, ‘தி அவுட்லா டார்ன்’ மூன்றும் ஹெட்ஃபீல்ட் எழுதியவற்றில் மிக நேர்மையானவை என்பேன். உடை விஷயத்தில் மட்டும் ரசிகன் சொன்னது சரி. அந்தப் புகைப்படத் தோற்றத்தில் தனக்கு ஒட்டுதலே இல்லை என்று ஹெட்ஃபீல்டே பின்னாளில் பேட்டிகளில் சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு சின்ன விலகல். பன்டேரா என்ற டெக்சாஸ் குழு 1980களில் பளபள உடையும் சீவிவிட்ட தலையுமாக நான்கு ஆல்பங்கள் போட்டது. 1990இல் ‘கௌபாய்ஸ் ஃப்ரம் ஹெல்’ மூலம் முழுக்க மாறி, பழைய நான்கையும் பேச்சிலேயே எடுக்காமல் விட்டது. மெட்டாலிகா செய்ததைவிடப் பெரிய மாற்றம். யாராவது துரோகம் என்றார்களா? 1994இல் அவர்களின் ‘ஃபார் பியாண்ட் டிரிவன்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது. ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1986இல் ‘டர்போ’வில் கிட்டார் சின்தசைசர் வைத்ததற்கு வாங்கிய திட்டு, 1990இல் ‘பெயின்கில்லர்’ வந்ததும் கரைந்துபோனது. மெட்டல் ரசிகன் மாற்றத்தை எதிர்ப்பவன் என்று பொதுவாகச் சொல்வது பிழை. கடினமான பக்கம் மாறினால் கொண்டாடுவான். இளகிய பக்கம் மாறினால்தான் கணக்குக் கேட்பான்.

2000இல் கோபத்தின் நிறம் மாறியது. தங்கள் பாட்டுகள் நாப்ஸ்டர் என்ற இணையப் பகிர்வுச் சேவை வழியாக இலவசமாகப் பரவுவதை எதிர்த்து ஏப்ரலில் மெட்டாலிகா வழக்குப் போட்டது. மே மாதம் உல்ரிக், பாட்டுகளைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பயனர் பெயர்களை அச்சிட்டு, பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் நகல் கேசட்டில் வளர்ந்த குழு நகல் எடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் தருகிறது என்றபோது, பதினெட்டு வருடம் முன்பு இரண்டு டேப் ரிக்கார்டர்களை இணைத்தவர்களுக்கு அது நெஞ்சில் தைத்தது. ஒலி மாற்றத்தை மன்னித்தவர்கள்கூட இதை மன்னிக்கவில்லை.

2003இல் வந்த ‘செயின்ட் ஆங்கர்’ பற்றி நீட்டத் தேவையில்லை. கிட்டார் சோலோ ஒன்றுகூட இல்லை. ஸ்நேர் டிரம்மின் அடிக்கம்பியைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் தகரப் பாத்திரம் தட்டும் ஓசை. பாப் ராக்கை விலக்கு என்று ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள்.

2008இல் ‘டெத் மேக்னடிக்’ வந்தபோதோ ஒரு புது மாதிரியான சண்டை. ரிக் ரூபின் தயாரிப்பு. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வந்த 1986இன் மனநிலைக்குத் திரும்பி யோசியுங்கள் என்று அவர் சொல்ல, நீண்ட பாட்டு, வேகம், சோலோ எல்லாம் திரும்பி வந்தன. ரசிகன் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் ஒலியளவை எல்லைமீறி ஏற்றியதால் சத்தம் கிழிந்து கேட்டது. அதே சமயத்தில் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டுக்கு அதே பாட்டுகளை அமுக்காத வடிவத்தில் கொடுத்திருந்தார்கள். ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள், அலைவடிவப் படங்களை ஒப்பிட்டார்கள், விளையாட்டில் இருப்பதே நல்ல பதிவு என்று நிரூபித்தார்கள். மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனு போட்டார்கள். ஆல்பத்துக்கு மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே ஒலி அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வேண்டிவந்தது. முடி, மை என்று சண்டை போட்ட கூட்டம் இப்போது ஒலிப்பொறியாளர்களின் மொழியில் பேசியது. இதை மெட்டல் ரசிகர்களின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன். அவர்கள் கேட்டது அந்த இசையைக் காதுகொடுத்துக் கேட்க முடிகிற ஒரு பதிவு மட்டுமே.

2014இல் மெட்டாலிகா ஒரு வேலை செய்தது. எந்தப் பாட்டுகள் வாசிக்க வேண்டும் என்று ரசிகர்களே வாக்களிக்கட்டும் என்று ஊர் ஊராகச் சுற்றியது. வாக்குகளில் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ முன்னால் வந்ததில் வியப்பில்லை. கூடவே ஊருக்கு ஊர் தவறாமல் தேறியவற்றில் ‘ஃபேட் டு பிளாக்’ இருந்தது, ‘என்டர் சாண்ட்மேன்’, ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ இருந்தன. 1996க்குப் பிந்தைய ஆல்பங்களிலிருந்து மட்டும் பெரும்பாலான ஊர்களில் ஒன்றிரண்டுக்கு மேல் தேறவில்லை.

அடுத்த இதழில் சுவீடனுக்குப் போகிறோம். 2011இல் ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தில் ஓபத் குழுவின் மிக்கேல் ஆகர்ஃபெல்ட் தன் உறுமல் குரலை முற்றாகக் கைவிட்டார். அதை மறுபடி ஆல்பத்தில் கேட்க ரசிகர்கள் 2024வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

(தொடரும்)